சீல் தேயும்வரை

எங்கள் வகையறாவில் அப்பாசாமி என்னும் பெயரில் மூவர் உண்டு. இங்கே எழுதப்படுபவர் மலைமேல் எடப்புளி நாட்டில் பிறந்து, அங்கேயே ஊர்க் குடிநீர் மோட்டாரை ஓட்டி, சென்ற ஐப்பசியில் அங்கேயே இறந்துபோனவர். ஊரார் அவரை ‘ஆமாங்க அப்பாசாமி’ என்றார்கள். யார் எதைச் சொன்னாலும் முதலில் ‘ஆமாங்க’ என்றுவிட்டு, சொல்லப்பட்டது என்ன என்பதை அதன் பிறகே யோசிப்பார். பெண் பார்க்கப் போன இடத்தில் மாமனார், ‘மாப்பிள்ளைக்குக் காது மந்தமோ?’ என்று கேட்டதற்கும் ‘ஆமாங்க’ என்றாராம். அவர் மனைவி ராமாயி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். பின்னாளில் அந்த வீட்டுக்குள் போய் அதைக் கேட்பதற்கு ஊரில் ஆள் இல்லாமல் போயிற்று.

ஊர் மேட்டில் இருக்கிறது; ஓடை பள்ளத்தில் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே வழுக்குப்பாறை என்று பெயர்பெற்ற ஒரு சரிவு. ஓடைக்கரையில் மோட்டார் வைத்து மேட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றத் தொடங்கிய பிறகுதான் பெண்கள் அந்தப் பாறையில் குடத்தோடு ஏறுவது நின்றது. காலையில் மோட்டாரைப் போட்டு, தொட்டி நிறைந்ததும் நிறுத்துவது அப்பாசாமியின் வேலை. சிறிய வேலைதான். ஆனால் சரிவில் கொஞ்சம் சாமையும் மரவள்ளியும் தவிர வேறொன்றும் இல்லாத அவருக்கு, பெண்கள் வழிவிட்டு ஒதுங்கி ‘மோட்டார்க்காரர் போறாருங்க’ என்று சொல்வது பெரிய மதிப்பாக இருந்தது. அந்த மதிப்பைத் தவிர அவர் எதையும் சேர்த்து வைக்கவில்லை.

அவருக்கு ஒரே மகள், தேன்மொழி. சேலம் பக்கத்துக் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்து, அங்கேயே ஆராய்ச்சியில் சேர்ந்தாள். அவள் எடுத்துக்கொண்ட பொருள் பம்புகளின் சீல். மோட்டாரின் தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் வெளியே பீறிடாமல் காப்பது அதுதான். இரண்டு வளையங்கள்: ஒன்று தண்டோடு சுழலும், மற்றது நிலையாக நிற்கும். ஒரு சுருள்வில் இரண்டையும் முகத்தோடு முகம் அழுத்திப் பிடித்திருக்கும். இடையில் தலைமுடியைக் காட்டிலும் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கும். அது இருக்கும்வரை தேய்மானம் மிகச் சொற்பம். அந்த முகங்கள் எவ்வளவு அழுத்தத்தில், எவ்வளவு வேகத்தில், எத்தனை காலத்தில் தேயும், எப்போது உடையும் என்பதைக் கணினியில் மாதிரி அமைத்து முன்கூட்டியே சொல்வதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

தகப்பனுக்கு இதை விளக்க, அவருடைய இரு உள்ளங்கைகளையும் நனைத்து ஒன்றோடொன்று தேய்க்கச் சொன்னாள். பிறகு துடைத்துவிட்டு வெறும் கையாய்த் தேய்க்கச் சொன்னாள்.

“சுடுது கண்ணு,” என்றார்.

“அவ்வளவுதானுங்கப்பா என் படிப்பு.”

“இதுக்கா இத்தன வருசம்?” என்று ராமாயி கேட்டாள். மூவரும் சிரித்தார்கள்.

பழைய மோட்டார் ஓய்ந்து புதிது வந்த ஆண்டில் தொடங்கியது எல்லாம். புது மோட்டாருக்குப் பூசை போடாமல் அந்த ஊரில் ஓட்டுவதில்லை. பூசாரி சின்னுசாமி மலைச்சுனையில் ஒரு குடம் தண்ணீர் எடுத்து, மேளத்தோடு ஒவ்வொரு வாசலிலும் நின்று வருவார். ஒவ்வொரு வீட்டாரும் அவர் காலுக்கு மஞ்சள்நீர் ஊற்றி ஆரத்தி எடுப்பார்கள். அந்தக் குடத்துத் தண்ணீரைப் பம்பின் வாயில் ஊற்றிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும். வேறு எந்தத் தண்ணீரை ஊற்றினாலும் எச்சில் என்பார்கள். பம்பின் வயிறு நிறையாமல் அது ஓடைநீரை இழுக்காது என்பதால், நேரத்தோடு நடந்தால் ஒரு குறையும் சொல்ல முடியாத வழக்கம் அது.

அன்று நேரத்தோடு நடக்கவில்லை. ஓடைக்கு இறங்கும் வழியில் கடைசி வீடு அப்பாசாமியுடையது. மோட்டார்க்காரர் வீடு என்ற பெருமையில் ராமாயி பூசாரிக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, மகளின் படிப்புக்கு அருள்வாக்கு வேறு கேட்டு நிறுத்திக்கொண்டாள். கீழே மோட்டார் அருகே ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் அர்த்தனாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். அவரும் எங்கள் வகையறாவே. அப்பாசாமிக்குப் பங்காளி முறையில் அண்ணன்.

“நல்ல நேரம் முடியப் போவுது. கொடம் எங்கடா?”

“உங்க தம்பி பொண்டாட்டி புடிச்சு வெச்சிருக்குதுங்க. ஆரத்தியில சூடம் தீந்தாத்தான் வுடும்,” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“கொடம் வந்து ஊத்திக்கட்டும். சுவிட்ச நேரத்துல போட்டுரோணும்.”

“ஏனுங்கண்ணா, தண்ணி ஊத்தாம ஓட்டுனா...” என்று அப்பாசாமி இழுத்தார்.

“மொத மொத அபசகுனமாப் பேசாத. நான் போடறேன். கற்பூரம் எரிஞ்சு முடியற வரைக்கும் நிறுத்தப்படாது. தெரிஞ்சுதா?”

“ஆமாங்கண்ணா.”

அர்த்தனாரி சுவிட்சைப் போட்டார். வெறும் பம்பு கீச்சிட்டது. மேளம் வந்து சேரும்வரை கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. கருகல் நாற்றம் வந்தபோது கற்பூரம் என்று எண்ணிக்கொண்டார்கள். பூசாரி வந்து சுனையின் குளிர்ந்த நீரைப் பம்புக்குள் ஊற்றினார். உள்ளே கண்ணாடி விரிசல் விடுவது போல ஒரு சத்தம் கேட்டதாம். பிறகு மேட்டில் தண்ணீர் கொட்டியது, பெண்கள் குலவையிட்டார்கள். அருகே நின்ற மூவர் தனித்தனியே என்னிடம் இதை ஒன்றுபோலச் சொன்னார்கள். ஊர்க் கூட்டத்தில் கேட்டபோது மூவருக்கும் மறந்துபோயிருந்தது.

பங்குனியில் தண்டின் ஓரம் ஒழுகத் தொடங்கியது. முதலில் சொட்டு, பிறகு நூல், பிறகு சீறல். சீறிய நீர் மோட்டாருக்குள் போய் அதை எரித்தது. பெண்கள் மறுபடியும் வழுக்குப்பாறையில் இறங்கினார்கள். அர்த்தனாரியின் மருமகள் கோகிலவாணி அப்போது நிறைமாதத்தை நெருங்கியிருந்தாள். வேண்டாம் என்று தடுத்தும், மாமனாருக்குக் குளிக்க ஒரு குடம் என்று போனவள் பாறையில் சறுக்கி விழுந்தாள். பிள்ளை வயிற்றிலேயே போயிற்று. ஆண் பிள்ளை. அதன் பிறகு அவளுக்குக் கரு தங்கவே இல்லை.

அந்தச் சாவுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஓடை வற்றியது தெரியாமல் அப்பாசாமி மோட்டாரை ஓடவிட்டுத் தூங்கினான் என்று யாரோ சொன்னார்கள். மறுநாளே அதைப் பார்த்தவர்கள் பலர் இருந்தார்கள். ஊர்க் கூட்டம் என்று சொல்லியனுப்பினார்கள்.

தேன்மொழி வந்து, எரிந்துபோன மோட்டாரின் பம்பிலிருந்து சீலைக் கழற்றி எடுத்துப் போனாள். கல்லூரியில் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, தன் மாதிரியில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கூட்டத்தன்று மடிக்கணினியோடு திரும்பினாள். தகப்பனைக் காப்பாற்றிவிடலாம் என்பதில் அவளுக்கு ஐயமே இருக்கவில்லை.

“பேசு சாமி. படிச்ச புள்ள சொல்லட்டும், கேப்போம்,” என்றார் அர்த்தனாரி.

அவள் வளையத்தைக் கையில் தூக்கிக் காட்டினாள். “பெரியப்பா, எங்கப்பா அடிக்கடி வெறுசா ஓடவிட்டிருந்தா இந்த மொகம் பள்ளம் பள்ளமாத் தேஞ்சிருக்கோணும். தேயவே இல்லீங்க. ஆனா பாருங்க, வண்டிச் சக்கரத்துக் கம்பியாட்டம் நடுவிலிருந்து வெடிப்பு. ஒரே ஒருக்கா நெருப்பாச் சூடேறி, மேல பச்சத்தண்ணி பட்டாத்தான் இப்படி வெடிக்கும். கணக்குப் போட்டுப் பாத்தா, இது ஓட ஆரம்பிச்ச அன்னைக்கே வெடிச்சிருக்குதுங்க.”

“கணக்குல தப்பு வராதா?”

“வராதுங்க.”

“அப்படின்னா சீல் எரிஞ்சது பூசையன்னைக்கு.”

“ஆமாங்க பெரியப்பா.”

அர்த்தனாரி கூட்டத்தைப் பார்த்தார். “எல்லாரும் கேட்டுக்குங்க. அன்னைக்கு மோட்டார்கிட்ட நின்ன ஆப்பரேட்டர் யாரு?”

அப்போதுதான் தன் கணக்கு எந்தப் பக்கம் போகிறது என்று அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். “சுவிட்சப் போட்டது நீங்க. நிறுத்தாதன்னு சொன்னதும் நீங்கதான். அப்பா எங்கிட்டச் சொல்லிட்டாரு,” என்று கத்தினாள்.

பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கோகிலவாணி தலையை நிமிர்த்தினாள். பிள்ளை போன பிறகு அவள் கூட்டத்துக்கு வந்தது அன்றுதான். அர்த்தனாரி அவள் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

“அப்பாசாமி, நிறுத்தாதன்னு நான் சொன்னனா?”

அப்பாசாமி கோகிலவாணியைப் பார்த்தார். எப்போதும்போல் உடனே பதில் வரவில்லை. பிறகு, “இல்லீங்கண்ணா. நீங்க சொல்லல. நாந்தான் நிறுத்தாம வுட்டுட்டேன்,” என்றார்.

“அப்பா!”

“எதுக்கும் ஆமாங்கன்னு சொல்றவனே இல்லீங்கன்னுட்டான்,” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “அப்ப அது நெசமாத்தான் இருக்கோணும்.” நாலைந்து பேர் சிரித்தார்கள். அந்த மூவரும் சிரித்தார்களா என்பதை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.

தேன்மொழி தோற்கப் பழகாதவள். “செரிங்க. சோதிச்சுப் பாத்துருவோம். புது சீல் போடுங்க. வேற ஆள் ஓட்டட்டும். பூசையும் போன தடவையாட்டவே போடுங்க. அதுவும் ஒழுகலீன்னா எங்கப்பா மேல குத்தம்னு நானே ஒத்துக்கறேன்,” என்றாள். மறுபடியும் குடம் வாசல் வாசலாக நின்று வரும், மறுபடியும் நேரம் தவறும், மறுபடியும் சீல் எரியும் என்பது அவள் எண்ணம்.

அர்த்தனாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நல்ல தீர்ப்பு. புள்ளையே சொல்லிருச்சு. புது சீல் ஒழுகற நாள் வரைக்கும் அப்பாசாமி ஊட்டுக்கு ஊர்த்தண்ணி கெடையாது. அந்த வாசலை யாரும் மிதிக்கப்படாது. அந்த ஊட்டாளுககிட்ட யாரும் பேசப்படாது. ஒழுகிருச்சுன்னா அன்னைக்கே நானே கொடமெடுத்து வந்து அவன் காலைக் கழுவறேன்.”

வீட்டுக்கு வரும் வழியில் மகள் அழுதுகொண்டே கேட்டாள்: “ஏம்ப்பா பொய் சொன்னீங்க?”

“அந்தப் புள்ள அந்த ஊட்லதான் கண்ணு சோறு திங்கோணும். உம்பட மாமனார்தான் உம்பட புள்ளயக் கொன்னாருன்னு நான் எப்படிச் சொல்றது?”

“செம்மேட்டுக்குப் போய்த் தாலுக்கா ஆபீசுல மனுக் குடுப்போம். இப்படி ஒதுக்கி வெக்கறது சட்டப்படி குத்தம்.”

“ஆபீசுக்குப் போனா, ஒழுகுனதுக்கப்புறமும் ஊர் நமக்கு இல்லாமப் போயிரும்.”

“நாலஞ்சு மாசம்தாம்ப்பா. பொறுத்துக்குங்க,” என்றாள் அவள்.

எரிந்த மோட்டாரைப் பழுதுபார்த்தார்கள்; புது சீல் வந்தது. அர்த்தனாரியின் தங்கை மகன் யுவராஜ் மோட்டார்க்காரன் ஆனான். பூசையன்று சின்னுசாமி குடத்தோடு வாசல் வாசலாக நின்று வந்தார். ஒதுக்கப்பட்ட வீட்டில் குடம் நிற்காது என்பதால் கடைசி வாசலை மேளம் நிற்காமலே கடந்தது. ராமாயி கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். குடம் நல்ல நேரத்துக்கு முன்பே ஓடைக்கு வந்து சேர்ந்துவிட்டது. தண்ணீரை ஊற்றி, பம்பின் வயிறு நிறைந்து, பிறகுதான் சுவிட்சைப் போட்டார்கள். கீச்சொலி இல்லை. கருகல் இல்லை.

“அவன் வாசல்ல நிக்காம வந்ததும் எப்படி ஓடுது பாத்தீங்களா?” என்று ஊரே பேசிக்கொண்டது.

தொலைபேசியில் ராமாயி சொன்னாள்: “கொடம் நம்ம வாசல்ல நிக்கல கண்ணு.” மகளுக்குப் புரிந்துவிட்டது. எதையும் மாற்றாமல் செய்ய வேண்டிய சோதனையில், தண்டனையே ஒன்றை மாற்றிவிட்டது. அதைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னால் ராமாயியின் ஆரத்திதான் பிள்ளையைக் கொன்றது என்று முடியும். அவள் புது சீலின் அளவுகளை மாதிரியில் இட்டுப் பார்த்தாள். மணல் கலக்காத மலைநீர், காலையில் மட்டும் கொஞ்ச நேர ஓட்டம், நல்ல படலம். பத்து ஆண்டுக்குக் குறையாது என்று வந்தது. அழுத்தத்தைக் கூட்டியும், நீரைக் கலங்கலாக வைத்தும், தன்னால் இயன்ற மட்டும் கொடிய நிலைமைகளைக் கொடுத்துப் பார்த்தாள். அப்போதும் எட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

“எப்பக் கண்ணு தேயும்?” என்று தகப்பன் கேட்டார்.

“சீக்கிரம்ப்பா,” என்றாள்.

தொட்டிக்குக் கீழே, குழாய்க்கு எதிரே இருந்தது அவர்கள் வீடு. குழாயில் தண்ணீர் வரும் சத்தம் படுக்கையிலேயே கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே ராமாயியும் அவரும் குடத்தோடு வழுக்குப்பாறையில் இறங்குவார்கள். மோட்டார் அருகே யுவராஜ் இருப்பான். பேசக் கூடாது என்பதால் அவன் பக்கத்தில் மேயும் ஆட்டிடம் பேசுவான்.

“ஏ ஆடே, நம்ம சீல் சொகமா இருக்குதுன்னு கேக்கறவங்களுக்குச் சொல்லிரு. ஒரு சொட்டுக் கூட இல்ல.”

அப்பாசாமி பழக்கத்தில், “ஆமாங்க,” என்பார். அது யுவராஜுக்குத் தினமும் சிரிப்பாக இருந்தது.

ராமாயி ஒருநாள் கேட்டாள்: “ஏனுங்க, மோட்டார் தண்ணி இழுக்கற குழியில ஒரு கை மணல் போட்டா சீல அரைச்சிராதா? மணல் கலந்தாத் தேயும்னு பாப்பா ஒருக்காச் சொல்லிச்சே.”

“போட்டா?”

“ஒழுகும்.”

“ஒழுகுனா மோட்டார் நிக்கும். யார் எறங்குவா பாறையில?”

ராமாயி குடத்தை வைத்துவிட்டுச் சிரித்தாள். “நாம எறங்கலீங்களா?” அன்றிலிருந்து சில நாள் அவரோடும் அவள் பேசவில்லை. ஆக அந்த வீட்டில் அவரோடு பேசுவதற்கு எவரும் இல்லை.

மூன்றாம் ஆண்டு மார்கழியில் ஒரு விடியலில், தண்டின் அடியில் ஒரு சொட்டு தொங்குவதை அப்பாசாமி கண்டார். கண் முன்னாலேயே அது விழுந்து, இன்னொன்று திரண்டது. அவர் பாறையில் ஓடி ஏறி, ஒதுக்கி வைக்கப்பட்டதை மறந்து, அர்த்தனாரி வீட்டு வாசலில் நின்று, “அண்ணா, ஒழுகுதுங்கண்ணா!” என்று கூவினார். ராமாயி புதுக்குடத்தைத் தேய்த்து வாசலில் வைத்தாள். ஊரே ஓடைக்கு இறங்கியது. அர்த்தனாரி குனிந்து பார்த்து, தோள்துண்டால் தண்டையும் பம்பையும் அழுத்தித் துடைத்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். வெயில் ஏறியது. சொட்டு வரவில்லை. குளிர்ந்த இரும்பில் இறங்கிய பனிதான் அது.

“பனி ஒழுகுனதுக்குக் காலக் கழுவோணுமா அப்பாசாமி?” என்று ஒருவர் கேட்டார்.

“ஆமாங்க,” என்றார் அவர்.

சிரிப்பு பள்ளம் முழுதும் எதிரொலித்தது. அர்த்தனாரி மட்டும் சிரிக்கவில்லை. ஈரத் துண்டைப் பிழிந்துவிட்டு நடந்தார். அதன் பிறகு விடியலில் யுவராஜ் ஆட்டிடம், ‘பனி ஒழுகுதா பாரு’ என்று கேட்கத் தொடங்கினான்.

தேன்மொழியின் ஆய்வு நிறைவடைந்தது. வெடித்த அந்த வளையம்தான் அவள் மாதிரிக்குக் கிடைத்த மிகச் சிறந்த சான்று என்று வழிகாட்டிப் பேராசிரியர் பாராட்டினார். வறண்டு ஓடியதற்குக் காரணம் என்ற இடத்தில் ‘இயக்குபவரின் கவனக்குறைவு’ என்று போட்டால் போதும் என்றார். அவள் அப்படியே போட்டாள்.

ஐந்தாம் ஆண்டு ஐப்பசி மழையில், குடத்தோடு ஏறும்போது அப்பாசாமி பாறையில் உட்கார்ந்தார், பிறகு எழவில்லை. மாரடைப்பு என்றார்கள். ராமாயியும் வெளியூரிலிருந்து போன நாங்கள் சிலரும் தூக்கி வந்தோம். ஊரார் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள். தேன்மொழி வந்து சேர்ந்ததும், உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் வேண்டியிருந்தது. எதிரே குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

“ஒழுகுதா?” என்று அர்த்தனாரி தன் வாசலிலிருந்தே யுவராஜைக் கேட்டார்.

“இல்லீங்க மாமா.” அன்று அவன் ஆட்டிடம் எதுவும் பேசவில்லை.

மகள் குடத்தை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டியபோது வேலியோரம் கோகிலவாணி நின்றிருந்தாள். இடுப்பில் குழாய்த்தண்ணீர்க் குடம். நான் ஐந்தாறு அடி தூரத்தில் நின்றேன்.

“தேனு, ஒன்னே ஒன்னு கேக்கறேன். அன்னைக்கு நிறுத்தாதன்னு எங்க மாமா சொன்னாரா? ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு. யார் தடுத்தாலும் இந்தத் தண்ணிய நானே உங்கப்பனுக்கு ஊத்தறேன்.”

தேன்மொழி அந்தக் குடத்தைப் பார்த்தாள். உள்ளே கட்டிலில் கிடந்தவரைத் திரும்பிப் பார்த்தாள். 

“இல்லீங்கண்ணி. அவர் சொல்லல. நான்தான் அன்னைக்குப் பொய் சொன்னேன்.”

கோகிலவாணி குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள். “அப்ப எம்புள்ளயக் கொன்னது இந்தாளுதான்,” என்றாள். குடத்தை வேலியோரக் காப்பிச் செடிக்குக் கவிழ்த்துவிட்டு, திரும்பிப் பாராமல் போனாள்.

தேன்மொழி வழுக்குப்பாறையில் இறங்கி ஓடைத்தண்ணீர் கொண்டுவந்தாள். அந்தத் தண்ணீரில்தான் அப்பாசாமியைக் குளிப்பாட்டினோம். அவள் ஏறி வந்த வழி முழுதும் கீழே மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

இதை எழுதும் நாளில் ராமாயி அந்த வீட்டில் தனியே இருக்கிறாள். மகள் கூப்பிட்டும் போகவில்லை. சீல் ஒழுகவில்லை.